நிமிடத்துக்குத் தொண்ணூறு

பகல் முழுக்கத் தூன் ஏரி
ஆறிய எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது.
நான்கு மணிக்கு எதிர்க்கரை மலையின் தலையில்
கறுப்பு ஏறியது.
நீசன் என்று அந்த மலைக்குப் பேர்.
எங்கள் மொழியில் அது வசவு என்று
இங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை.

குன்டன் துறையில்
மிதிபடகு வாடகைக்கு விடுவது என் வேலை.
அரை மணிக்குப் பதினைந்து பிராங்.
மிதவைச் சட்டை இலவசம். அதனாலோ என்னவோ
ஒருவரும் போடுவதில்லை.

கம்பத்தில் ஆரஞ்சு விளக்கு இமைக்கத் தொடங்கியது.
நிமிடத்துக்கு நாற்பது என்றால், கவனம்.
அழகாயிருக்கிறதென்று படம் எடுத்தார்கள்.
நான் விசிலை எடுத்தேன்.
ஒன்று, நான்கு, ஐந்து, ஒன்பது திரும்பின.
ஏழாம் எண் திரும்பவில்லை.

நிமிடத்துக்குத் தொண்ணூறு என்றால், உடனே கரைக்கு.
அதை எண்ணிப் பார்க்க வேண்டாம்,
நெஞ்சு தானாக அந்தக் கணக்குக்கு மாறிவிடும்.

நானும் மிர்யாமும் குடைகளை மடக்கினோம்.
ஒன்றைக் காற்று
எங்கள் கையிலிருந்து வாங்கி ஏரியிடம் கொடுத்தது.
சனம் ஓடியது,
எல்லோரும் ஒரே பக்கம், லிண்டன் மரத்தடிக்கு.
தூறலுக்கு மரம் நல்லதுதான்.
மின்னலுக்கு அது ஏணி.

"மரத்தை விடுங்கள்! கழிப்பறைக்கு! கழிப்பறைக்கு!"
இந்த வாக்கியத்தை இவ்வளவு உரக்க
எந்த மொழியிலும் நான் கத்தியதில்லை.
டெர், டீ, டாஸ் மூன்றும் இடம் மாறி விழுந்தன.
அன்றைக்கு ஒருவரும் திருத்தவில்லை.

ஹேர் ஷ்டுக்கி மட்டும் கழுத்தளவு நீரில்.
நாற்பது கோடையாக இங்கே நீந்துகிறேன் என்றார்.
வெளிச்சம்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு
இடி.
இரண்டு கிலோமீட்டர், என்றேன்.
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணுவதை
நான் இந்த நாட்டில் கற்கவில்லை.
அதையும் அவரிடம் சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஏறி வந்தார்.
துவாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் ஏழு வந்தது.
இரண்டு பையன்கள், நான்கு கால்களும்
தையல் மெசின்போல் அடித்துக்கொண்டு.
கயிறு கட்டவில்லை. படகு போனால் போகட்டும்.
ஓடினோம்.

பெண்கள் கழிப்பறை, கொங்கிரீட் கூரை.
முப்பத்தொரு பேர், ஒரு நாய், பாதி வெட்டிய கேக்.
குழாயைத் தொடாதீர்கள், கதவோரம் நிற்காதீர்கள் என்றேன்.
கூரையில் யாரோ லொறி லொறியாய்ச் சல்லி கொட்டினார்கள்.
ஜன்னல் ஒரு முறை முழு வெள்ளையானது.
எண்ண இடமில்லை, சத்தமும் கூடவே.
இடி கேட்ட நாகம்போல் நாய் சுருண்டது.

என் தோளை இடித்தபடி முதலாளி ரேத்தோ.
ஞாயிறு லீவை வெட்டியதற்காக
"இவன் தலையில் இடி விழ" என்று
காலையில்தான் திட்டியிருந்தேன், தமிழில், சிரித்த முகத்துடன்.
இப்போது அதை வாய்க்குள்ளேயே
அவசரமாகத் திருப்பி எடுத்தேன்.
இத்தனை பேர் நிற்கிற இடத்தில்
குறி தப்பினால்?

மழை விட்டது. வெயில்கூட வந்தது.
போகலாமா என்றார்கள்.
கடைசி இடியிலிருந்து அரை மணி, என்று
வாசலை மறித்து நின்றேன்.
அரை மணி எவ்வளவு நீளம் என்று
அதை விற்பவளுக்குத் தெரியாதா?
தூரத்தில் ஒன்று உறுமியது.
மறுபடி முதலிலிருந்து, என்றேன்.
முணுமுணுத்தார்கள். கேக்கைப் பங்கு போட்டார்கள்.

வெளியே வந்தபோது
லிண்டன் மரம் கிழிந்த இலைகளோடு
அப்படியே நின்றது. ஒரு கீறல் இல்லை.
"பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை" என்றார் ஷ்டுக்கி,
என்னைப் பொய் சொன்னவளாகப் பார்த்து.
ஆமாம், என்றேன்.

ஆலங்கட்டிகளை வாளியில் அள்ளி
சோடாப் போத்தல்களை அதில் நட்டாள் மிர்யாம்.
ஏழாம் எண் நாணலில் மாட்டியிருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
ஒன்றும் நடக்கவில்லை.
காணாமல் போனது, குடை ஒன்று.