ங்க

ஹெச்.எம். அறையில் அப்பா சொன்னார்:
"நீ உக்காரு. நான் நிக்குது."

ஹெச்.எம். டீச்சரின் பேனா நின்றது.
ஃபேன் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றியது.

பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, தி. லிப்சாராணி,
தமிழில் தொண்ணூற்றிரண்டு,
அந்த நிமிஷம் அவருடைய மகள் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே
சந்திரசூடேஸ்வரர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேறு யாரோ பெற்ற பிள்ளைபோல.

(அந்த 'தி' பள்ளிக்கூடம் தந்தது.
பெஹெரா என்று ஒரு வால் இருந்தது எனக்கு.
ஆதார் கார்டில் இன்னும் இருக்கிறது.
வருகைப் பதிவேட்டில் இடம் போதவில்லை.)

ஆட்டோவில் ஒடியாவில் சீறினேன்.
மூக்கண்டப்பள்ளி வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.
இறங்கி, நாற்பது ரூபாயை நீட்டி,
"இந்தா, எடு" என்றார்.
ஆட்டோக்காரர் என் சீருடையைப் பார்த்தார்,
அப்புறம் அவரை.

சிப்காட்டில், வார்ப்பட உலைப் பக்கத்தில்
பதினாறு வருஷம் அவர் படித்த தமிழ் இவ்வளவுதான்:
தூக்கு. தள்ளு. அதை எடு, இதை இல்லை.
ஏ இந்திக்காரா, உனக்குத்தான்டா சொல்றேன்.
இந்தி அவருக்கும் அரைகுறை.
காதில் விழுந்ததைத்தானே வாய் திருப்பித் தரும்?
வருஷத்துக்கு ஒரு ஜோடி கையுறை தந்தார்கள்.
ஒரு 'ங்க' தரவில்லை.

இதெல்லாம் இப்போது எழுதுகிறேன்.
அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.
மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் ஆஸ்காவிலிருந்து பெரியப்பா, வீடியோ காலில்.
பின்னால் மழை, ஒரு சைக்கிள், எனக்குத் தெரியாத சுவர்.
"து எப்படி இருக்கே?" என்றார்.
"நான் நல்லா இருக்கேன். து எப்படி இருக்கே?" என்றேன்.

து.
குழந்தைக்கு து. சாமிக்கு து.
வீட்டில் தம்பிக்கும் எனக்கும் எப்போதும் து.
நடுவில் ஒரு 'துமெ' உண்டு,
அது அம்மா அப்பாவோடு பேச மட்டும் என்றிருந்தேன்.
பெரியவர்களுக்கு 'ஆபணொ' என்று ஒன்று இருக்கிறதாம்.
ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்தபோது
அதை எந்தப் பையிலும் வைக்கவில்லை போல.

பெரியப்பா சிரித்தார். அது சிரிப்பே இல்லை.
"திரிநாத், பெண்ணை நல்லா மதராஸி ஆக்கிட்டே."

அப்பா போனைப் பிடுங்கினார். கை ஓங்கினார்.
மணிக்கட்டில் உலை வைத்த தழும்பு
என் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.
"மரியாதை தெரியாதா?
யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

அம்மா, பாகலூர்ப் பண்ணையில்
ரோஜா முள் கிழித்த விரல்களுக்கு
எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள்,
தலை நிமிராமல் சொன்னாள்:
"நாமதான். வேற யாரு இருந்தா இங்கே?"

அன்று ராத்திரி சோறு ஆறிப்போனது.
பாபுலா தூங்கிய பிறகு
கேலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டார்.
எழுது என்றார்.
நான் சொல்ல, அவரே எழுதிக்கொண்டார்.
நீங்க. உக்காருங்க. சொல்லுங்க.
ஒடியா எழுத்தில்,
ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேல் ஒரு குடை.

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் ங்க.
பால்காரருக்கு, வீட்டு ஓனருக்கு.
வாசலில் படுத்திருந்த நாயிடம்
"தள்ளிப் போங்க" என்றார்.
பாபுலா விழுந்து விழுந்து சிரித்தான்.
நானும்தான்.

ஃபோர்மேனும் சிரித்தாராம்.
"அடேய், யார்டா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"
அதற்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன்.
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பெரியப்பாவுக்கு நான் இன்னும் போன் பண்ணவில்லை.
நேற்று யாரும் இல்லாதபோது அந்த நாயிடம்
"ஆபணொ" என்று சொல்லிப் பார்த்தேன்.
தெலுங்கும் கன்னடமும் தமிழும் கேட்டு வளர்ந்த
ஓசூர் நாய்.
ஒரு காதை மட்டும் நிமிர்த்தியது.