நாலரைக் கிலோமீட்டர்

ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டுக்கு இந்தப்பக்கம் தொடங்கி
புதுச்சத்திரத்துக்கு முன்னால் வரும் முந்திரித்தோப்பு வரை
நாலரைக் கிலோமீட்டர் எங்கள் பொறுப்பு.
வடக்கே முதுநகர்க்காரர்கள்.
தெற்கே யாரென்று தெரியாது.
வேளாங்கண்ணி வரை இப்படியே
துண்டு துண்டாய் யாராவது இருப்பார்கள் என்று
நம்பிக்கொள்கிறோம்.

ஆடி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை நமக்கில்லை.
நைட் ஷிப்ட் முடிந்து
சிப்காட் வாடை சட்டையிலிருந்து போகாமலே
நான் வந்துவிடுவேன்.
லூர்துநாதன் அரம் போட்ட கொடுவாள்கள் நாலைக்
கோணியில் சுற்றிக்கொண்டு வருவார்.
அடிபம்புக்கு வாஷரும் நட்டும்
அஞ்சலாட்சியின் டிபன் டப்பாவில் இருக்கும்.
'மாதாவுக்கும் எனக்கும் பழக்கமில்ல,
கால்வலிக்கும் எனக்கும் உண்டு' என்பாள்
யாரும் கேட்காமலே.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது.
வேரோடு கிளப்ப வேண்டும்,
கிளப்பியதை இழுத்துப்போட வேண்டும்,
இழுத்த தடத்தில் உதிர்ந்ததை
விளக்குமாறு கொண்டு கூட்ட வேண்டும்.
வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு
இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.
ஒரு முள் அத்தனை தூரமும் கூடவே போகும்.

தோப்பில் தங்குகிற இடம்.
கிணற்றிலிருந்து அறுபது தப்படி எண்ணி,
காற்று எந்தப்பக்கம் என்று மண்ணைத் தூவிப் பார்த்து
குழி வெட்டுவோம்.
பெண்களுக்கு ஏழு, ஆண்களுக்கு மூன்று.
முதல் வருஷம் சரிபாதியாகத்தான் வெட்டினோம்.
விடிகாலை மூன்று மணிக்கு
அஞ்சலாட்சி வந்து ஒரு பார்வை பார்த்தாள்.
அதிலிருந்து ஏழு.

வழிகாட்டுகிற அம்புக்குறி என் வேலை.
சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து
பனையில், மதகில், மைல்கல்லில்
ஒரு முழ நீளத்துக்குப் போடுவேன்.
கையெழுத்துதான் கோழி கிளறியது மாதிரி.
அம்பு நன்றாக வரும்.

போன வருஷம் நாலுவழிச் சாலைக்காரர்கள்
ஒரு கல்லைப் பிடுங்கினார்கள்.
பிடுங்கிய பாவத்துக்குத் திரும்ப நட்டும் வைத்தார்கள்,
முகத்தை மாற்றி.
நான் கவனிக்கவில்லை.
பேத்தியைப் பெறப்போகும் வயசில் ஒரு அம்மாள்,
கூட்டத்தைப் பின்னால் விட்டு முந்தி நடந்தவள்,
என் அம்பை நம்பி
வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் திரும்பிப் போயிருக்கிறாள்.

இருட்டிய பிறகு தோப்புக்கு வந்தாள்.
தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை.
'எவன் போட்டான் அந்த அம்பை?'
'நான்தாம்மா.'
'உம் பேரு என்ன?'
'மகிமைதாஸ்.'
பெயரோடு சேர்த்துத் திட்டினாள்.
பண்ருட்டிப் பக்கத்துத் திட்டு,
முழுசாய், ஒரு பலாப்பழ அளவுக்கு.
லூர்துநாதன் கொசுவை விரட்டுகிற பாவனையில்
திரும்பிக்கொண்டு சிரித்தார்.
பிறகு வாங்கிக் குடித்தாள்,
இரண்டு சொம்பு.
குழி எங்கே என்று கேட்டாள்.
டார்ச்சைக் கொடுத்தேன்.

எட்டு வருஷத்தில்
ஆயிரம் ஆயிரமாய் இந்த வழியே போயிருக்கிறார்கள்.
என் பெயரைக் கேட்டது
அவள் ஒருத்திதான்.

கோபம் எனக்கும் வரும்.
கொடி ஏறிய மறுநாள் தோப்பைப் பார்க்க வேண்டும்:
தண்ணீர்ப் பாக்கெட், பிய்ந்த பேண்டேஜ்,
ஒற்றைச் செருப்பு, சாம்பார் சாதம் ஒட்டிய தட்டுகள்.
இத்தனைக்கும் பக்கத்திலேயே
காலி டிரம் வாயைத் திறந்து நிற்கும்.
திட்டிக்கொண்டே பொறுக்குவேன்.
அந்த அம்மாள் அளவுக்கு
எனக்குத் திட்ட வராது.

குழிகளைச் சாம்பல் போட்டு மூடி
மேலே முந்திரிச் சருகை இழுத்துவிட்டால்
அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

ஊருக்குப் பஸ்ஸில்தான் போனேன்.
வேளாங்கண்ணிக்கு நடந்ததில்லை இதுவரை.
ஜன்னலோரம்.
எங்கள் நாலரைக் கிலோமீட்டர்
ஆறு நிமிஷத்தில் முடிந்துபோனது.
அதற்குள் பார்த்துவிட்டேன்,
மதகுக்குப் பக்கத்தில்
வேரோடு கிளப்பியதாய் நினைத்த இடத்தில்
விரல் நீளத்துக்குப் பச்சை.