நம்ம கேஸு

சாட்சி சொல்ல
தேவகோட்டை கோர்ட்டுக்குப் பத்து மணிக்கே போய்விட்டேன்.
கம்பிவலைப் பலகையில் இன்றைய பட்டியல்,
பசை இன்னும் ஈரம்.
வலை கிழிந்த மூலை வழியே
ஓர் ஆடு
முப்பதுக்குக் கீழே தின்றுவிட்டிருந்தது.

டவாலி, "கூப்பிடும்போது வாங்க" என்றார்.
குமாஸ்தா நிமிரவே இல்லை.
சம்மனின் மடிப்பில் வழக்கு எண் தேய்ந்து
ஏழா ஒன்றா தெரியவில்லை.
நின்று நின்று
இடது முட்டியில், தகடு வைத்த இடத்தில்
வலி ஏறியது.

பக்கத்தில் ஒருவன்
செல்போனை வெயிலுக்கு மறைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.
"முப்பத்தி நாலாவதா வருதுக்கா நம்ம கேஸு.
சாப்பாட்டுக்கு அப்புறந்தான்."

அடைக்கலம்.
என்மேல் டெம்போவை ஏற்றியவன்.

நம்ம என்றா சொன்னான்?

புங்கமரத்தடியில் இருந்தது ஒரே பெஞ்சு.
அவன் ஒரு கோடிக்கு நகர்ந்தான்.
முட்டி தாங்கும்வரை நின்றேன்.
அப்புறம் மறுகோடியில் உட்கார்ந்தேன்.
வெயில் மட்டும் நடுவில்.

இரண்டரைக்கு டவாலி மூன்று முறை கூவினார்,
அவன் பெயரை மட்டும்.
இரண்டு பேரும் எழுந்தோம்.

அரசு வக்கீல் லீவாம். வாய்தா.
பதினெட்டாம் தேதி என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
அவன் பேனாவில்.