தேங்காயெண்ணெய் சாட்சியாகாது

முதலில் போத்தலைத்தான் கொண்டுவந்தார் பவளராணி.
ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தள அறை,
வியாழன், மாலை ஆறரை.
மேசையில் தலைகீழாக நிறுத்தினார்.
எண்ணெய் அசையவில்லை.
"பாருங்கோ, கத்தியாலை சுரண்டித்தான் தலைக்கு வைக்கிறன்."

மொழிபெயர்த்தேன்,
கத்தியையும் சேர்த்து.

வயோதிபர் இல்லத்தில் இரவுத் தாதி மாரிவிக்,
அவளும் தென்னை நிற்கும் தீவுக்காரி,
போத்தலைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு
மனமில்லாமல் சொன்னாள்:
இது இருபத்துநாலுக்குக் கீழே போனாலே உறைந்துவிடும்.
நகரசபை விதி கேட்பது இருபத்தொன்று.
எண்ணெய் சாட்சியாகாது.

அதையும் மொழிபெயர்த்தேன்.
பவளராணி என்னைத்தான் முறைத்தார்.

இப்படித்தான் வெப்பமானிகள் வந்தன.
மூன்று டொலர் கடைகளில் அள்ளிய நாற்பத்தேழு.
ஓரிரவு முழுக்க ஒரே மேசையில் கிடத்தி
பொய் சொன்ன ஆறைக் கழித்தோம்.
மிச்சம் நாற்பத்தொன்று
பதினாலு மாடிக்கும் ஏறிப் போயின.

விடிய மூன்று மணிக்கு யார் விழித்திருப்பார்கள்
என்று கேட்டாள் சட்ட உதவி மையத்து மெரெடித்.
எல்லாரும்தான்.
கோழித் தொழிற்சாலைக்குப் போகிறவர்,
விமான நிலையத்தில் கூட்டிவிட்டு வருகிறவர்,
மார்ச்சளிப் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கிறவர்.
இலக்கத்தை எழுதிப் பனிக்குளிரில்
கதவிடுக்கால் தள்ளிவிட்டார்கள்.
பதினேழு. பதினாறரை. பதினேழு.
ஒருவர் இருபத்தாறு என்று எழுதி
ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், மன்னிக்கவும் என்றிருந்தார்.

பிறகு சண்டை.
கதவிலக்கம் போடாவிட்டால் எவன் நம்புவான், என்றான்
தரவுகளைக் கோர்க்கிற இத்ரீஸ்.
இலக்கம் போட்டால் ஆளை வெளியே போடுவான், என்றாள் மாரிவிக்.
இரண்டு பேரும் சரி.
அதனால்தான் இரண்டு கிழமை
ஒருவரையொருவர் பாராமல் அதே மேசையில் இருந்தார்கள்.
கடைசியில் வீடுவீடாய்ப் போய்க் கேட்பது என்று முடிந்தது.
முப்பத்திரண்டு பேர் போடச் சொன்னார்கள்.
எட்டுப் பேர் யோசித்துவிட்டுச் சொன்னார்கள், போடு.
ஆயிரத்து நூற்றி ஏழு வேண்டாம் என்றது.

அது பவளராணியின் கதவு.
ஏன் என்றும் சொன்னார்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.
இங்கேயும் இல்லை.

படிவத்தின் தலைப்பில்
'சமூகப் பொறுப்புக்கூறல்' என்று நானே எழுதியிருந்தேன்.
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு,
"கணக்குக் கேக்கிறதோ?" என்றார்.
ஓம் அக்கா.
"அப்ப அப்பிடி எழுதன்."

விசாரணை நாளில்
கட்டடக் கம்பனியின் ஆள், நல்ல கழுத்துப்பட்டி,
நல்ல குரல்,
ஒரேயொரு தாளோடு எழும்பினார்:
கட்டடத்தின் சராசரி வெப்பம் இருபத்தொன்று புள்ளி நாலு.
அது பொய்யில்லை. இத்ரீஸே கூட்டிப் பார்த்திருந்தான்.
தெற்குப் பக்கம் வேர்க்க
வடக்குப் பக்கம் விறைக்க
நடுவில் எங்கேயோ அந்த இருபத்தொன்று புள்ளி நாலு.
மெரெடித் நாற்பது கதவுகளையும்
ஒவ்வொன்றாக வாசித்தாள்.
பதினொரு நிமிடம்.
கொட்டாவி விட்ட ஒருவர் கொட்டாவியைப் பாதியில் மூடினார்.
முடிவில் இத்ரீஸ் எழும்பி ஒரே வசனம்:
சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

கைதட்டல் இல்லை.
உத்தரவு வந்தது: நாற்பது நாள்,
வடக்குக் குழாய்கள் முழுக்க மாற்றப்பட வேண்டும்.
மாரிவிக் நாட்காட்டியில் நாற்பதாவது சதுரத்தைச் சுற்றி
வட்டம் போட்டாள், மை தீர்ந்த பேனையால்,
அழுத்தி அழுத்தி.

வெப்பமானிகளைத் திரும்பச் சேர்த்தோம்.
நாற்பதுதான் வந்தது.

இரவு மூன்று மணிக்கு என் தொலைபேசி அடிக்கிறது.
வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.
"பதினேழு," என்கிறார். வைத்துவிடுகிறார்.
விளக்கைப் போட்டுத் திகதியோடு எழுதிக்கொள்கிறேன்.
கதவிலக்கம் எழுதும் கட்டத்தை
வெறுமையாக விடுகிறேன்.
இன்று இருபத்தொன்பதாம் நாள்.