கண்டெடுத்த பொருள், எண் 212

விடியுமுன் பிரெமர்ட்டன் படகில் ஏறுகிறவர்களுக்கு
டிசம்பர் முழுக்க ஒரே பேச்சு:
இசுருகி எந்த ஊருக்குக் கையெழுத்துப் போடுவான்?

இடக்கை. இருபத்தாறு வயது.
அவன் எறிகிற பந்து மட்டைக்காரனை நெருங்கும்போது
இருட்டில் கடைசிப் படியை மறந்தவன் கால்போல
பொசுக்கென்று கீழே இறங்கும்.
நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை.
கைபேசியில்,
உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்திருக்கிறோம்.

நியூயார்க்தான், என்பார் வெல்டர் ஹாக்கன்சன்.
பணம் பேசினால் மற்ற ஊர்கள் வாயைப் பொத்தும்.
நர்ஸ் லூர்தெஸ் அபலோஸ் ஒத்துக்கொள்ளமாட்டாள்.
அவனிடம் நாய் இருக்கிறது, சடை நாய்,
குளிர்ந்த ஊர்தான் அதற்குச் சரிப்படும்,
நம் ஊர் மாதிரி.
மனைவியின் அக்காள் வான்கூவரில் இருக்கிறாளாம்,
இது பெயின்டர் டிவெரோ.
யார் சொன்னது?
யாரோ.

இதற்கிடையில்தான் அந்தக் குடை.

மேல்தளத்து ஜன்னலோர இருக்கையில் சாய்ந்து கிடந்தது.
நிறமே இல்லாத பிளாஸ்டிக்,
பிடித்துக்கொண்டே மேகத்தைப் பார்க்கலாம்.
கைப்பிடியில் ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு.
எடுத்து, எண் போட்டு, பெட்டியில் வைத்தவன் நான்.
வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

சியாட்டில்காரன் குடை பிடிக்கமாட்டான்.
நனைவான்.
குடை வைத்திருப்பவன் வெளியூர்க்காரன்.
ஆக, வந்திருக்கிறான், என்றார் ஹாக்கன்சன்,
நியூயார்க்கை அந்த நிமிடமே கைகழுவி.
விட்டுவிட்டுப் போனவன்
எடுக்க வருவான், என்றாள் லூர்தெஸ்.
டிவெரோ இருக்கையில் உட்கார்ந்து காட்டினான்:
இடக்கைக்காரன் மட்டும்தான்
இந்தப் பக்கம் சாய்த்து வைப்பான்.

காபி ஊற்றும் சயோகோவிடம் சீட்டை நீட்டினோம்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தாள்:
'பலத்த காற்றில் உபயோகிக்காதீர்கள்.'
அவ்வளவுதானா?
அவ்வளவுதான். பால் வேண்டுமா?

ஹாக்கன்சன் விடவில்லை.
பார்த்தீர்களா, சிகாகோ இல்லை.
அங்கேதான் காற்று.

வெள்ளிக்கிழமை ஒரு போன் வந்தது.
டகோமாவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவராம்,
வெண்டல் ஸ்டூக்கி.
தெளிந்த பிளாஸ்டிக் குடை,
மகள் ஒசாகாவிலிருந்து கொண்டுவந்தது,
உங்கள் படகில் மறந்துவிட்டேன்.
பெட்டி என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது.
இன்னும் வரவில்லை சார், என்றேன்,
செவ்வாய்க்குப் பிறகு கேளுங்கள்.
பதினோரு வருஷ வேலையில்
என் முதல் பொய் என்று சொல்ல ஆசை.
மூன்றாவது.

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குக் கெடு.
மூவருக்கும் அன்று அரைநாள் பல்வலி.
ஒரே படகில் திரும்பினார்கள்.
இரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கையில்
படகு குறுகலான நீர்ச்சந்துக்குள் நுழைய,
சிக்னல் செத்தது.
டிவெரோ கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்,
ஒழுகும் கூரைக்குப் பாத்திரம் வைப்பதுபோல.
சந்து கடந்ததும்
எல்லார் பையிலும் ஒரே நேரத்தில் முனகல்.

சான் டியேகோ.
ஏழு வருஷம்.

யாரும் திட்டவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும்.
அந்த வெயிலில் நாய் என்ன செய்யும், என்றான் டிவெரோ.
கடற்காற்று இருக்கிறதே, என்றாள் லூர்தெஸ்,
கொஞ்சம் நேரம் கழித்து.

கரை தொடுவதற்குள் ஹாக்கன்சன் தொண்டையைச் செருமினார்.
சப்போரோ பக்கம் ஒரு பையன் இருக்கிறானாம்.
பத்தொன்பது வயசு. வர இன்னும் நாலைந்து வருஷம் ஆகும்.
லூர்தெஸ் பையை மூடியபடி கேட்டாள்:
நாய் வளர்க்கிறானா?

கயிற்றைக் கட்டிவிட்டு டகோமாவுக்குப் போன் போட்டேன்.
மறுநாள் ஸ்டூக்கி வந்தார்,
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்,
வலக்கையால்.
டிவெரோ அப்போது கீழே,
கார்கள் நிற்கும் தளத்தில் இருந்தான்.
நான் கூப்பிடவில்லை.