இரண்டாம் தியோபால்டு

குலசேகரம் நூலகச் சுவரில்
என் கணவர் பெயரை ஒட்டியிருந்தார்கள்.
அரசன் இரண்டாம் தியோபால்டு.
நாலு மணி நேரம். அனுமதி இலவசம்.
கீழே, முடி கலைந்த ஒரு வெள்ளைக்காரன்
பனியில் தனியாக நின்றான்.

"அப்போ முதலாம் தியோபால்டு நானாக்கும்"
என்று சாயாக்கடையில் சொல்லிச் சிரித்துவிட்டு
பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி உறையில் போட்டுவிட்டு
தேய்த்த சட்டை மாட்டினார் இவர்.
ஞானஸ்நானத்தில் இந்தப் பேரை வைத்த சாமியார்
எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ.
ஊரில் யாருக்கும் வாயில் நுழையாமல்
தியோடு, தேவபால், கடைசியில் பாலு.
பால் வெட்டுகிறவனுக்கு அது போதும்.

பங்கு மண்டபத்தில் பதினேழு பேர்.
வெள்ளை விரிப்பில் ஒரு மடிப்பு,
அரசன் முகத்தின் குறுக்கே
படம் முடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது.
தகரக் கூரைமேல் மழை.
அவர்கள் பேசியது கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.
கீழே ஓடிய இங்கிலீஷைக் கல்லூரி வாத்தியார் பிரைட்சிங்
கொஞ்ச நேரம் தமிழில் சொன்னார்,
பிறகு அவரும் வாயைப் பிளந்து பார்த்தார்.

என்ன பணம்!
ஒரு அறைக்கு ஆயிரம் மெழுகுதிரி.
சாப்பிடுவது ஒரே ஆள், பன்னிரண்டு நாற்காலி.
மற்ற பதினொன்றில் செத்துப்போன ராஜாக்கள்;
ஒவ்வொருவரிடமும் உப்பு போதுமா என்று கேட்டான்.
பகலில் தூங்கினான். ராத்திரி எழுந்தான்.
வெள்ளி பூசிய சறுக்குவண்டியில் விளக்கைக் கட்டி
காட்டுக்குள் ஒற்றைக்குப் போனான்.

"இதுக்குப் பேரு கிறுக்கா?" என்றார் இவர் என் காதில்.
"நானும் மூணு மணிக்கு
தலையில லைட்டைக் கெட்டிக்கிட்டுதானே போறேன்."
யாரோ உஷ் என்றார்கள்.

மந்திரிமார் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்கள்.
கோட்டை பாதியில் நின்றது.
கல் சுமந்தவர்கள் கூலி கேட்டு முற்றத்தில் நின்றார்கள்,
ஒரு வீச்சு காட்டிவிட்டு
கேமரா நீரூற்றுக்குப் போய்விட்டது.

எனக்கு அந்தப் பெண்தான்.
அவனுக்கு நிச்சயம் செய்தவள். பேர் பிடிபடவில்லை.
நாற்பது முழத் துணி, இடுப்பில் கூடு வைத்துத் தைத்தது.
எந்தக் கதவிலும் அவள் நேராக நுழையவில்லை,
பக்கவாட்டில் திரும்பித்தான்.
அடுத்த மாதம் என்றான். அறுப்பு முடியட்டும் என்றான்.
மூன்று தடவை ஜன்னலருகே நின்றாள்.
நாலாவது தடவை ஜன்னல் மட்டும் இருந்தது.

அவள் என்ன ஆனாள் என்று
பிரைட்சிங் சாரிடம் கேட்டேன்.
கையிலிருந்த தாளைப் புரட்டினார்.
அதில் இயக்குநரைப் பற்றித்தான் இருந்தது.

அரசனைப் பிடிக்க வந்தவர்கள் கதவைத் தட்டுகையில்
கரண்டு போனது.
இருட்டில் பதினேழு பேரும்
மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
மறுபடி ஓட்டியபோது எங்கேயோ தாண்டிவிட்டது போல,
அவன் செத்துக் கிடந்தான்.
எப்படி, எப்படி என்று வீடுவரை கேட்டுக்கொண்டே வந்தார் இவர்.
"நம்ம பேரு இல்லியா."

ரெண்டரைக்கு மழை விட்டது.
மரத்துக்கு மரம் பாவாடை கட்டியிருக்கிறோம்,
பிளாஸ்டிக், சுருக்கு வைத்து, பட்டையில் தார் பூசி ஒட்டியது.
வெட்டில் தண்ணீர் இறங்கக் கூடாது.
இவர் தலையைத் திருப்ப வெளிச்சம் திரும்பியது.
முந்நூறு மரம்.
இடுப்பில் விரிந்து, நனைந்து, மினுங்கி,
வரிசையாக,
யாரிடமும் ஒன்றும் கேட்காமல்.

நான் நின்றுவிட்டேன்.
"என்னட்டி?"
"ஒண்ணுமில்ல."

முதல் பாவாடையைத் தூக்கிக் குனிந்து
கோடு இழுத்தார். பால் வந்தது.
அடுத்ததற்குப் போனார்.
சிரட்டைகளில் மழைத்தண்ணீர்,
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

எண்பதாவது மரமோ என்னவோ, அங்கே நினைவு வந்தது:
இரண்டாம் தடவை ஜன்னலில் நின்றபோது
அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.
உதடு அசைந்ததைப் பார்த்தேன்.
அப்போதுதான் மழை வலுத்தது.