எடைச்சீட்டின் பின்புறம்

ஜெகதேவி தாண்டி மூன்றாவது குவாரி.
லாரி எடை எழுதும் சீட்டின் பின்புறம்
என் இன்னொரு கணக்கு:

பிப்ரவரி ஒன்பது, மாலை ஆறு பத்து.
கொம்பன் ஆந்தை, ஒன்று.
கிழக்கு வெட்டு, இரண்டாம் அடுக்கு.
வெறும் பாறைமேல் மூன்று முட்டை.
(முதலில் 'கல்' என்று எழுதி அடித்திருக்கிறேன்.)

படம் மங்கல். ஆனாலும் அனுப்பினேன்.
ஓசூர் பல்டாக்டர், பர்கூர் எல்ஐசிக்காரர்,
முகம் தெரியாத இன்னும் நாற்பது பேர்
கேட்டது ஒன்றுதான்: எங்கே?

கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மட்டும் போட்டேன்.
அது பொய்யில்லை.
அமாவாசைக்கு முன்
ஆந்தைக்கு விலை பேசுகிறவர்களும்
படம் பார்ப்பார்கள்.

ஒரே ஒருவருக்குத்தான்
விரல் நீட்டிச் சரியாகக் காட்டினேன்:
வெடி வைக்கும் திம்மராயன்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"ஏம்மா, அந்தக் கல்லு கண்ணு தெறக்குது."

இன்று குழிபோடும் மிஷின்
மேற்கு முகத்தில் நிற்கிறது.
கேட்ட மேஸ்திரியிடம்
கிழக்கே கல்லில் விரிசல் என்றாராம்.

உடன் பார்த்தவர் என்ற இடத்தில்
அவர் பெயரை எழுதினேன்.
பகல் ஒன்றரை. மேற்கில் வெடி.
எடைமேடை முள் ஆடி நின்றது.
அது எழவில்லை.